பாய் விரிக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் சிங்கப்பூர் ஈசூன்ல 12 வருஷமா யோகா சொல்லிக் குடுக்கறேன், ஸ்டூடியோ எல்லாம் கெடயாது, புளோக் கீழ தரைத்தளத்துல திறந்து கெடக்கற வாய்ட் டெக்லதான், வாரத்துல ரெண்டு நாள் காலைல, வர்றவங்கள்ல பாதிப் பேரு 60 தாண்டுன நம்ம தமிழ் அம்மாக்கள். ஒவ்வொரு ஜூன் 21 யோகா தினம் முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் லிஃப்ட்கிட்ட நிறுத்தி "எனக்குக் கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா, நமக்கெல்லாம் யோகா சரிப்படாது"ன்னு சொல்லுவாங்க. அதக் கேக்கறப்ப எல்லாம் மனசு வலிக்குது, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நானும் ஒரு காலத்துல அப்படி நெனச்சவதான். 38 வயசுல எனக்கு தீராத இடுப்பு வலி, கணக்கு வேலை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி. யாரோ சொன்னாங்கன்னு ஒரு கிளாஸ்ல சேர்ந்தேன், ஒரு ரூம்ல முப்பது பேரு. பச்சிமோத்தானாசனம், கால நீட்டி உக்காந்து குனிஞ்சு கட்டைவிரல புடிக்கணும், எனக்கு கை முழங்கால தாண்டல, டீச்சர் பின்னாடி வந்து முதுகுல கைய வச்சு அமுக்கிட்டாரு. தொடைக்குப் பின்னாடி சுருக்குன்னுச்சு. ரெண்டு மாசம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் படில கைப்பிடிய விடாம எறங்குனேன். உங்களுக்கு எங்கயாவது வலி இருக்கான்னு ஒரு வார்த்தை அவர் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் சென்னை போனப்ப சொந்தக்காரங்க ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் வழியில கத்துக்கிட்டவங்க. அவர் 1888ல பொறந்து நூறு வயசு இருந்தவரு, மைசூர் அரண்மனைல சொல்லிக் குடுத்துட்டு பிறகு சென்னைக்கு வந்தவரு, பேர் பெத்த யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குரு. அவரோட மகன் தேசிகாச்சார் இஞ்சினியரிங் படிச்சவர், அப்பாகிட்டயே கத்துக்கிட்டு 1976ல அப்பா பேருல சென்னைல யோக மந்திரம்ங்கற யோகா பள்ளிய ஆரம்பிச்சாரு. ஆளுக்கு ஏத்த மாதிரிதான் ஆசனம், ஆசனத்துக்கு ஏத்த மாதிரி ஆள வளைக்கக் கூடாதுங்கறதுதான் அவங்க வழி.

அந்தம்மா அர மணி நேரம் கேள்விதான் கேட்டாங்க, தூக்கம் எப்படி, வயிறு எப்படி, வீட்ல யாரு சமைக்கறான்னு. அப்புறம் அஞ்சே அஞ்சு அசைவு, ஒரு பேப்பர்ல குச்சி பொம்மையா வரைஞ்சு குடுத்தாங்க. கை மேல போறப்ப மூச்சு உள்ள, கீழ வர்றப்ப வெளிய, மூச்சு திணறுனா அதோட நிறுத்து, அவ்வளவுதான். அந்தப் பேப்பர இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். பிறகு வருஷா வருஷம் லீவு போட்டுட்டு அவங்ககிட்டயே போய்க் கத்துக்கிட்டேன்.

அதனால எங்கிட்ட யாரு புதுசா வந்தாலும் பாய் விரிக்கறதுக்கு முன்னாடி கேட்டுருவேன், பிரஷர் இருக்கா, சர்க்கரை இருக்கா, கண்ணுல கிளாக்கோமா, அதாவது கண் நரம்பக் கெடுக்கற நோய் இருக்கா, எலும்பு பலம் கொறஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிருக்காரா. கிளாக்கோமா உள்ளவங்க தலையத் தொங்கப்போடக் கூடாது, எலும்பு பலம் இல்லாதவங்க முதுக வளைச்சு ரொம்பக் குனிஞ்சா முதுகெலும்புலயே விரிசல் விழலாம். இது தெரியாம பண்ண வைக்கறது தப்பு, கண்டிப்பா தப்பு.

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, 71 வயசு, சர்க்கரை, வலது தோள்பட்டை இறுகிப்போய் கை காதுக்கு மேல போகாது. முன்னாடி போன எடத்துல இன்ஹேல் எக்ஸ்ஹேல்னு வேகமா சொன்னதுல எது உள்ள எது வெளியன்னே புரியாம இருந்திருக்காங்க, பாவம். நாற்காலில உக்கார வச்சு "மல்லிப்பூவ மோந்து பாருங்கம்மா, இப்ப சூடான கோப்பிய ஊதுங்க"ன்னேன், உடனே புடிச்சுக்கிட்டாங்க. நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய, கை எவ்வளவு போகுதோ அவ்வளவு. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் தேக்கா மார்க்கெட்ல வாங்குன மல்லிய தலையில வச்சுக்கிட்டு வந்தாங்க, அதுவரைக்கும் பேத்திதான் வச்சு விடுவாளாம், அன்னிக்கு அவங்களே வச்சுக்கிட்டாங்களாம். திரும்பி நின்னு எல்லாருக்கும் காட்டுனாங்க.

சமூக மன்றங்கள்ல வகுப்பு நடத்தறவங்க வாரத்துக்கு ஒண்ணாவது தமிழ்ல, நாற்காலி போட்டு நடத்துங்க. அடுத்த ஜூன் 21க்கு மேடைலயும் ரெண்டு நாற்காலி போடுங்க, அதுல நம்ம வீட்டு அம்மாக்கள் உக்காந்து செய்யட்டும், அந்தப் படத்தையும் உங்க பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி