எட்டுக் கண்டாங்கிச் சேலைகளுக்கு நன்றி

காரைக்குடி வட்டாரத்தில் டேபிள் டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறவர்கள் சேர்ந்து எழுதுவது. வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழையில் நம் பயிற்சி ஹாலின் கூரை இடிந்ததை மறுபடி விரித்து எழுதி யார் மனதையும் நோகடிக்க வேண்டாம். போட்டிக்கு 23 நாள் இருந்தபோது ஆட இடமில்லை. நேற்று 14 பிள்ளைகளும் போய் ஆடிவிட்டுத் திரும்பியாயிற்று. அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறோம்.

பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆச்சி என்று மட்டும் சொல்கிறோம். தங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் இருக்கும் போஜன சாலையை, அதாவது சாப்பாட்டுக் கூடத்தை, ஆச்சி திறந்துவிட்டார்கள். நீளம் 11 மீட்டர், அகலம் ஐந்தரை. 2.74 மீட்டர் மேசையை நடுவில் போட்டால் இரு பக்கமும் நான்கு மீட்டர் கிடைக்கும். பின்வாங்கி நின்று டாப்ஸ்பின் அடிக்க அது போதும். நடுவில் தூண் இல்லை, மேலே விட்டம் உயரம். இடம் கொடுத்ததே பெரிய காரியம். ஆனால் இந்த மடல் அதற்காக மட்டும் இல்லை.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுத் தேய்த்த வெள்ளை, நூறு வருடம் ஆனாலும் பளபளப்பு போகாது. போட்டிப் பந்தும் வெள்ளை. 40 மில்லிமீட்டர், 2.7 கிராம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்தப் பந்து மறைந்துவிடும். வலையைத் தாண்டிய பிறகு கண்ணில் பட்டால் கை எப்போதும் தாமதமாகத்தான் போகும். அதைவிட மோசம் சர்வீஸ். எதிராளி பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே போட்டு, இறங்கும்போது பேட்டால் உரசுகிற அந்த நொடியில்தான் என்ன சுழற்சி என்று படிக்க முடியும். அது தெரியாவிட்டால் அடிச்சுழற்சிப் பந்தைச் சாதாரணப் பந்து என்று நினைத்துத் தள்ளுவார்கள். நேரே வலையில் போய் விழும். முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். ஆரஞ்சுப் பந்து வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் போட்டி வெள்ளைப் பந்தில். கண்ணை ஒரு நிறத்துக்குப் பழக்கி, கடைசி வாரத்தில் இன்னொன்றுக்கு மாற்றுவது சரிவராது.

வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, யாரும் எதுவும் கேட்காமலே பெட்டகத்தைத் திறந்து எட்டுக் கண்டாங்கிச் சேலைகளை, கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திச் சேலைகளை, எடுத்து வைத்தார்கள். எல்லாம் அடர் அரக்கு.

அவற்றைக் கட்டிய விதத்தை எழுதியே ஆக வேண்டும். வெள்ளைச் சுவர் உள்ள கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ மேசை போடுகிறவர்கள் யாராயிருந்தாலும் உதவும். சேலை ஐந்தரை மீட்டர் நீளம், அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். நீளவாக்கில் குறுக்கே கட்டினால் ஒரே சேலை பின்சுவர் முழுவதையும் மூடும். இரண்டு பின்சுவரிலும் இரண்டு வரிசை, ஏனென்றால் சர்வீஸுக்குப் போடும் பந்து தலைக்கு மேலே போகும். பக்கச் சுவருக்கு ஒரு வரிசை போதும். மேசை 76 சென்டிமீட்டர், அதற்கு மேல் வலை 15.25 சென்டிமீட்டர், ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டித்தான் பறக்கும். கண்டாங்கியின் கட்டம் நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அரக்கோடு அரக்காகக் கலந்துவிடுகிறது. உறுத்துவது மஞ்சள் கரைதான். கீழ்ச் சேலையின் மேல்கரை சரியாகப் பந்து பறக்கிற உயரத்தில் வந்து நிற்கும். ஆச்சி மேல் சேலையின் அடிக்கரையை உள்ளே மடித்து, கீழ்ச் சேலையின் கரைமேல் ஒரு சாண் இறங்கும்படி தொங்கவிட்டார்கள். மஞ்சள் கண்ணிலேயே படவில்லை.

சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளித் தொங்கவிட்டதில் இன்னொரு பலனும் கிடைத்தது. துணியில் பட்ட பந்து திரும்பித் தெறிக்காமல் அங்கேயே விழுந்தது. அடி விளிம்பு தரையைத் தொட்டிருப்பதால் உள்ளேயும் உருளவில்லை. பந்து பொறுக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஒரே மேசையில் 14 பேருக்கு எட்டு எட்டு நிமிடம் என்று முறை வைத்து, மற்றவர்கள் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், பந்தில்லாமல் பேட்டோடு நிழல் பயிற்சி எடுக்கும் நிலைமையில் அது எவ்வளவு பெரிய லாபம் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

தரையையும் ஆச்சிதான் சரிசெய்தார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது அந்த வீட்டு வழக்கம். எண்ணெய்த் தரையில் பக்கவாட்டில் கால் வைத்தால் முட்டி போய்விடும். எண்ணெயை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவிவிட்டு, மூலையில் ஈரத்துணி போட்டு வைத்தார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஷூவின் அடியை அதில் ஒருமுறை துடைத்துக்கொண்டால் தூசி போய்ப் பிடிமானம் திரும்பிவிடும். கண்ணாடி போலப் பார்த்துப் பார்த்துக் காத்த தரை அது. பிள்ளைகளுக்காக மங்க விட்டார்கள்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொல்கிறோம், குறைவாக நினைக்க வேண்டாம். நனைந்த மேசைகளை வெயிலில் போடாமல் நிழலில் நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் காற்றுப்படக் காயவைத்த ஆசாரி அண்ணனுக்கு. துகள்பலகை ஒருமுறை ஊதினால் ஊதினதுதான். பிளைவுட் மேசை ஒன்று மட்டும் பிழைத்தது. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போட்டால் 23 எழும்ப வேண்டும். அந்தச் சோதனையில் எல்லா இடத்திலும் அது தேறியது. நிழல் விழாமல் விளக்குக் கட்டிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தம்பி, வாடகை வாங்காத குட்டியானை வண்டிக்காரர், பந்து அனுப்பிய சென்னை நண்பர்கள், தினமும் சுண்டல் கொண்டுவந்த தாய்மார்கள், எல்லோருக்கும் நன்றி.

இந்த நாட்களில் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பேசியது டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலைப் பற்றித்தான். சென்னைக்காரர், நான்கு வயதில், பயிற்சியாளர்கள் இருந்த குடும்பத்துக்குள்ளேயே பேட் பிடித்தவர். பதக்கக் கணக்கு பிள்ளைகளுக்கு மனப்பாடம்: 10 தேசியப் பட்டம், காமன்வெல்த்தில் ஏழு தங்கம், ஐந்து ஒலிம்பிக்ஸ், 2022-இல் கேல் ரத்னா. நாங்கள் சொன்னது வேறு. அவர் ஆடிய காலத்தில் ஆட்டமே அவர் காலடியில் நான்கு முறை மாறியது. 2000-இல் பந்து 38-லிருந்து 40 மில்லிமீட்டர் ஆனது. 2001-இல் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. 2008-இல், பேட் ரப்பரின் ஸ்பாஞ்சை ஊதவைத்து வேகம் கொடுத்த கரைப்பான் பசைக்குத் தடை வந்தது. 2014-இல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ஃபோர்ஹேண்ட் அடியின் வேகத்தை நம்பி ஆடுகிறவருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு கூரை இடிந்த மாதிரிதான். பசை தந்த வேகத்தை இடுப்பிலிருந்தும் காலிலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது. 2006-இல் மெல்பர்னில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர், மறுபடி அதே தங்கத்தை 2022-இல் பர்மிங்காமில் வாங்கியபோது வயது 40. இடையில் 16 வருடம். பர்மிங்காமுக்கு முந்தைய வருடம் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சீனாவின் மா லாங்கிடம் தோற்றார், ஆனாலும் இரண்டாவது செட்டை 11-8 என்று எடுத்துவிட்டுத்தான் தோற்றார். 2025 மார்ச்சில் விடைபெற்றதும் சென்னையில்தான், சொந்த மண்ணில்.

23 நாள் ஒற்றை மேசையில் ஆடினால் கை போய்விடாது என்று பிள்ளைகள் நம்புவதற்கு அந்த 16 வருடம் உதவியது. பந்து கண்ணுக்குத் தெரிய ஆச்சி உதவினார்கள். இரண்டில் எது பெரிது என்று நாங்கள் பிரித்துப் பார்க்க மாட்டோம்.

ஆச்சி, எட்டுச் சேலையையும் கஞ்சி போடாமல் அலசி நிழலில் உலர்த்தியாயிற்று. பந்து பட்ட இடம் எதுவும் நைந்துபோகவில்லை, ஒவ்வொரு முழமாகப் பார்த்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் கொண்டுவந்து தருவார்கள், தரைக்கும் அன்றைக்கே எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பார்கள். புதுக் கூரை வந்ததும் ஹாலின் இரண்டு பின்சுவருக்கும் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்துக்கு அரக்கு நிறம் அடிப்பதாக முடிவு செய்திருக்கிறோம், பளபளப்பில்லாத பெயின்ட்தான். நிறம் சரியாக வரவேண்டும் என்பதற்காக, பெயின்ட் கடைக்குப் போகிற அன்று ஒரு சேலையை மட்டும் மறுபடி கேட்டு வருவோம்.