கிளாமத் ஆற்றுக்காக உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓரிகனிலிருந்து கலிபோர்னியா வழியாகப் பசிபிக் கடலில் போய்ச் சேரும் கிளாமத் ஆற்றை மறித்து நின்ற நாலு மின்உற்பத்தி அணைகளை இடித்து, சால்மன் மீன்களுக்கு வழிவிட்டவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 16 அன்று ஓரிகன் மாநிலத்தில், ஜே.சி. பாயில் அணை இருந்த இடத்துக்கும் மேலே ஒரு துணையாற்றில், மீன்வளத் துறையினர் சினூக் சால்மன் ஒன்றைக் கண்டார்கள். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே ஏறி வரும் மீன் வகை அது. 1912-க்குப் பிறகு கடலிலிருந்து அந்தப் பக்கம் ஏறி வந்த முதல் சால்மன் இதுதான். ஏறக்குறைய 370 கிலோமீட்டர் எதிர்நீச்சல். யாரும் தொட்டியில் ஏற்றிப்போய் விடவில்லை, அதுவாக வந்தது. அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றே எழுத நினைத்த மடல் இது.

முதல் நன்றி யூரோக், காருக், ஹூபா, கிளாமத் பழங்குடி மக்களுக்கு. 2002 செப்டம்பரில் ஆற்றில் தண்ணீர் குறைந்து, சூடேறி, செவுள் அழுகும் நோய் பரவியது. முட்டையிட வந்த சால்மன்களில் குறைந்தது 34,000 மீன்கள் முட்டையிடாமலேயே செத்துக் கரையொதுங்கின. மாணவியாக அப்போது அங்கே மீன்வளப் பணியில் இருந்த யூரோக் பெண் ஏமி கோர்டாலிஸ், அதைப் பார்த்த பிறகு சட்டம் படித்தார். பின்னாளில் தம் மக்களின் வழக்கறிஞராகவே நின்றார். 2004-இல் அணைகளுக்கு உரிமையாளரான நிறுவனம் ஸ்காட்லாந்தில் இருந்ததால், பங்குதாரர் கூட்டம் நடந்த ஊருக்கே இந்தப் பழங்குடி மக்கள் போனார்கள். அணைகள் கைமாறியதும் புது உரிமையாளர் இருந்த நெப்ராஸ்காவின் ஒமாகாவுக்குப் போனார்கள். அணைகளை இயக்கும் உரிமம் 2006-இல் முடிந்தது. இடிக்க அனுமதி கிடைத்தது 2022 நவம்பரில். இடையில் எத்தனை பெரியவர்கள் இதைப் பார்க்காமலேயே கண்மூடியிருப்பார்கள்! அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அணைகளை இறக்கிய பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நன்றி. முதன்மை ஆற்றில் சால்மன் குறைவாக இருக்கும் காலம் பார்த்து, 2024 ஜனவரியில் நீர்த்தேக்கங்களைத் திறந்துவிட்டீர்கள். பல பத்தாண்டுகளாகத் தேங்கிய வண்டல் கரைந்து ஆறு சேறாக ஓடியபோது, ஆற்றையே கொன்றுவிட்டீர்கள் என்றுகூடச் சிலர் ஏசினார்கள். நீங்கள் வேலையை விடவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் நாலாவது அணையும் போய்விட்டது. 640 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுவழியும் ஓடைவழியும் மீனுக்குத் திறந்தன.

தண்ணீர் வடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலைச்சரிவுகளில் நாட்டுப்புல், பூச்செடி விதைகளைக் கையால் சேர்த்து வைத்தவர்களை இங்கே சொல்லியாக வேண்டும். நீர்த்தேக்கம் வடிந்து வெறும் சேறாகக் கிடந்த நிலத்தில் அந்த விதைகள் முளைத்திராவிட்டால், பெருமழையில் கரைகள் சரிந்திருக்கக்கூடும்.

கலிபோர்னியக் கடலோர மீனவர்களை ஏனோ யாரும் நினைப்பதில்லை. சால்மன் குறைந்துபோனதால் 2023-லும் 2024-லும் கடலில் சால்மன் பிடிப்பு முழுவதுமாக நிறுத்தப்பட்டது. படகைக் கட்டிப்போட்டுவிட்டு வருமானமில்லாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். நீர்த்தேக்கக் கரையில் வீடு கட்டியவர்களுக்கு இழப்பு இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

இனி என் சொந்தக் கடன். சினூக் முட்டையிட்டு முடித்ததும் செத்துவிடும்; ஒரு துணையாற்றில் அப்படிச் செத்த மீன்களைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். முதல் நாள் நான் தூக்கிய பெண்மீனின் வால் ஓரம் தேய்ந்து, உள்ளே வெள்ளையாக முள் தெரிந்தது. கூழாங்கல்லை வாலால் அடித்து அடித்து முட்டைக்குழி தோண்டியதில் வந்த தேய்மானம் என்று சொன்னீர்கள். வயிற்றைக் கீறிக் காட்டினீர்கள்: ஆரஞ்சு நிறத்தில் நாலே நாலு முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "மிச்சத்தையெல்லாம் இட்டுவிட்டாள்" என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. தலைக்குள்ளிருந்து அரிசியளவு காதுக்கல்லை எடுத்தீர்கள், மரத்துக்கு இருப்பதுபோல் அதிலும் வயதைச் சொல்லும் வளையங்கள் உண்டு என்றீர்கள். மறுபடி எண்ணிவிடாமலிருக்க வாலை வெட்டி, மீனை ஓடையிலேயே விட்டோம். கரடிக்கும் கழுகுக்கும் பூச்சிக்கும் கரையோர மரத்துக்கும் அதுதான் உணவு. அந்தப் பூச்சிகளைத்தான் அடுத்த ஆண்டு குஞ்சுகள் தின்னும்.

கடலிலிருந்து வந்த உடம்பு காட்டுக்குள் இப்படிப் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், பண்ணையில் பொரித்த குஞ்சுகளை எத்தனை விட்டாலும் ஆறு கெட்டுக் கிடந்தால் பயனில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஆற்றின் மேல்பகுதியில் கீனோ அணையும் லிங்க் ஆற்று அணையும் இன்னும் நிற்கின்றன. அங்கே மீன் ஏறும் வழிகளைப் பார்த்துக்கொள்பவர்களே, உங்களுக்கும் முன்கூட்டியே நன்றி.

மார்புவரை வரும் ரப்பர் உடையை இரவல் தந்து, முட்டைக்குழியை மிதிக்காமல் ஓடையில் கால்வைக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு: அந்த உடை என்னிடம்தான் இருக்கிறது. முழங்காலில் இருந்த ஓட்டையை ஒட்டிவிட்டேன். இலையுதிர்கால முதல் மழை விழுந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓடையில் உங்களோடு நடந்த ஒருத்தி