மனோராவில் ஒரு சொல்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவும் நானும் தஞ்சை மாவட்டக் கடற்கரையிலுள்ள மனோரா கோபுரத்துக்குப் போயிருந்தோம். சிறு வயதில் நீ படிகளை எண்ணிக்கொண்டே ஏறியதும், கடற்காற்றில் உன் ரிப்பன் பறந்துபோனதும் நினைவுக்கு வந்தன. லண்டனில் நீ சட்டம் படிக்கிறாய் என்பதால், அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எட்டு நிலைகள் கொண்ட அந்த அறுகோணக் கோபுரத்தைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடுவதற்காக. அங்குள்ள கல்வெட்டு அவரை ஆங்கிலேயரின் நண்பர் என்று குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன்.

1773இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு ஆற்காட்டு நவாபு தஞ்சையைப் பிடித்தார். 1776இல் அதே கம்பெனி அதை மீட்டு அன்றைய தஞ்சை மன்னரிடம் தந்தது. ஆனால் கோட்டைக்குள் கம்பெனியின் படை தங்கியது, அதற்கான செலவு மன்னரின் தலையில் விழுந்தது. காவலுக்கு வந்தவனுக்குக் கூலி கொடுத்தே கஜானா வற்றிய நாட்டில், சரபோஜி அரியணை ஏறிய மறு ஆண்டே, 1799 உடன்படிக்கையின்படி, ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பொற்காசுகளும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தாம். அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்; தமக்கு விடப்பட்ட சிறு வட்டத்துக்குள் சரசுவதி மகால் நூலகத்தை அவ்வளவு சிறப்பாக வளர்த்தவர் அவர். இருந்தாலும், நாட்டை வாங்கிக்கொண்டவனின் வெற்றிக்கு அவர் கோபுரம் எழுப்பியதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

1855இல் அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், கம்பெனி அரசை இல்லாமல் ஆக்கியதோடு, குடும்பத்தின் சொந்தச் சொத்தையும் கைப்பற்றியது. சிவாஜியின் மனைவி காமாட்சி பாயி சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் 1859இல், மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், அது அரசின் செயல், அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. சொத்து யாருடையது என்ற கேள்விக்குள்ளேயே அவர்கள் நுழையவில்லை.

அந்தத் தீர்ப்பு உன் கல்லூரி நூலகத்தில் நிச்சயம் இருக்கும். முழுவதும் வாசித்துவிட்டு, உன் கருத்தை எனக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா