காந்தத்தில் ஒட்டாததெல்லாம் போலி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஐந்து சென்ட் நாணயங்களைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த என் பேரன், குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். கால் மணி நேரம் கழித்து அவன் அறிவித்தான்: "தாத்தா, ஒன்றுகூட ஒட்டவில்லை. உங்களிடம் இருப்பதெல்லாம் போலி."

இருபது ஆண்டுகளாகச் சேர்த்தவை. ஆண்டில் பாதி நாளை அமெரிக்காவில் மகள் வீட்டில் கழிப்பவன் நான். வங்கியில் இரண்டு டாலர் கொடுத்தால் நாற்பது நாணயம் கொண்ட காகிதச் சுருள் கிடைக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே என் பொழுதுபோக்கு. அந்தப் பெட்டியைப் போலி என்று சொன்னால் கிழவனுக்குக் கோபம் வராதா? ஆனால் தவறு பேரனுடையது அல்ல. 'நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால் சந்தேகப்படுங்கள்' என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. நிக்கல் என்ற உலோகம் ஒட்டும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்கர்கள் 'நிக்கல்' என்று அழைக்கும் நாணயத்தில் நிக்கல் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் செம்பு. 1866இல் தொடங்கியதிலிருந்து, போர்க்காலம் ஒன்றைத் தவிர, இதே கலவைதான். இவ்வளவு செம்பு கலந்தால் காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. அமெரிக்க நிக்கல் காந்தத்தில் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். கட்டுரையாளர் கனடாவின் ஐந்து சென்ட்டோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். 1922இல் அவர்கள் அதைத் தூய நிக்கலில் அடிக்கத் தொடங்கினார்கள். அது பாய்ந்து ஒட்டும்.

அந்தப் போர்க்காலக் கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் படைக்குத் தேவைப்பட்டதால், 1942இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை அடித்த 'நிக்கல்' நாணயத்தில் நிக்கலே இல்லை. செம்பு 56 விழுக்காடு, வெள்ளி 35, மாங்கனீசு 9. பின்னாளில் பிரித்தெடுக்க வசதியாக, பின்பக்கத்தில் உள்ள மாளிகையின் கவிகைக்கு, அதாவது குவிந்த கூரைக்கு, மேலே நாணயச்சாலையின் முதலெழுத்தைப் பெரிதாகப் பொறித்தார்கள். பிலடெல்பியா நாணயச்சாலை 'பி' என்ற தன் எழுத்தை அமெரிக்க நாணயத்தில் போட்டது அதுதான் முதல் முறை. சுருளைப் பிரிக்கும்போது அடுக்கின் ஓரத்தில் ஒன்று மட்டும் சாம்பல் படிந்தாற்போல் கறுத்துத் தெரிந்தால், பெரும்பாலும் அது இந்த வகைதான். வெள்ளியும் மாங்கனீசும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும்.

1950களில் நியூஜெர்சியைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹென்னிங் என்பவர் கள்ள நிக்கல் அடித்தார். ஐந்து சென்ட்டுக்குக் கள்ளநாணயம் அடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்! அவர் 1944ஆம் ஆண்டையும் போட்டார். ஆனால் கவிகைக்கு மேலே இருக்க வேண்டிய பெரிய எழுத்தை விட்டுவிட்டார். அகப்பட்டுக்கொண்டார். இன்று அந்தக் கள்ளநாணயத்தையே சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். என் கைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்து, கட்டுரையோடு வெளியிட்ட அட்டவணை. எந்த ஆண்டில் எத்தனை அடித்தார்கள் என்று வரிசைப்படுத்தி, எண்ணிக்கை குறைந்தவை அரியவை என்று முடித்திருக்கிறீர்கள். இதைப் பின்பற்றிச் சேகரிப்பைத் தொடங்கும் ஒருவர் முதல் நாளே ஏமாறுவார். எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின என்பது வேறு கணக்கு.

1883ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு புதிதாக வந்த நிக்கலில் ஐந்து என்பதற்கான ரோமானிய எண் மட்டும் இருந்தது, 'சென்ட்' என்ற சொல் இல்லை. ஐந்து டாலர் தங்க நாணயமும் ஏறக்குறைய அதே அளவு. கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? தங்கமுலாம் பூசி ஐந்து டாலராகத் தள்ளிவிட்டார்கள். அந்த ஆண்டிலேயே 'சென்ட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சொல் இல்லாதது சுமார் 54 லட்சம், சொல் உள்ளது சுமார் 1 கோடியே 60 லட்சம். உங்கள் அட்டவணைப்படி முன்னதுதான் அரியது. ஆனால் பிழையுள்ள நாணயத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்று எண்ணி ஊரே எடுத்துப் பதுக்கியது. இன்று அது எளிதாகக் கிடைக்கிறது. யாரும் பொருட்படுத்தாமல் செலவழித்த மற்றதைத்தான் தேயாத நிலையில் தேட வேண்டியிருக்கிறது.

1950இல் டென்வரில் அடித்ததும் இப்படியே. சுமார் 26 லட்சம்தான், ஜெபர்சன் தலை பொறித்த வகையிலேயே குறைந்த எண்ணிக்கை. செய்தி பரவியதும் சுருள் சுருளாக வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் புத்தம் புதிதாக எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கைபட்டுத் தேய்ந்த ஒன்றைத்தான் காண்பது அரிது. நாலு பேர் சட்டைப் பையில் புழங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குக் கடையில் மதிப்பு கிடையாது, எனக்கு உண்டு. மாறாக 1926இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த 9,70,000 நாணயங்களை எவரும் எடுத்து வைக்கவில்லை. நல்ல நிலையில் ஒன்றைப் பார்ப்பதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அந்த 1926 எருமை வகையைச் சேர்ந்தது. ஒரு பக்கம் செவ்விந்தியர் தலை, மறுபக்கம் காட்டெருமை. 1913 முதல் 1938 வரை வந்த இந்த அழகான நாணயத்துக்கு ஒரு சாபக்கேடு உண்டு. ஆண்டு எண் புடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருப்பதால் முதலில் தேய்வது அதுதான். ஆண்டு இல்லாத எருமைகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் எண் மீண்டும் தெரியும் என்று ஒருவர் சொன்னார். ஒரு மாலை, தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். பழுப்பாக நுரைத்தது. துடைத்துவிட்டு விளக்கடியில் சாய்த்தேன். முதலில் ஒன்பதின் சுழி, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 1921! திருப்பினால் 'ஐந்து சென்ட்' என்ற எழுத்துக்குக் கீழே சான்பிரான்சிஸ்கோவின் 'எஸ்'. எனக்குக் கை நடுங்கியது. மறுநாள் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. எண்ணைச் சுற்றியிருந்த சாம்பல் வட்டத்தைப் பார்த்து, "அமிலமா?" என்றார். அவ்வளவுதான். எண் தெரிந்தது, நாணயம் போய்விட்டது. பளபளப்பாக்குகிறேன் என்று பல்பொடி போட்டுத் தேய்த்தவர்களுக்கும் இதே கதிதான். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படித்துப் பழகிய கண். அதனால் எனக்குப் பிடித்தவை அச்சுப் பிழைகள். 1918இல் டென்வரில் ஓர் அச்சில் ஏழின் மேல் எட்டு விழுந்துவிட்டது; 1943இல் பிலடெல்பியாவில் இரண்டின் மேல் மூன்று. பார்த்தவுடன் எனக்கு அச்சகத்து மை வாசனை வந்துவிடும்.

எல்லாரும் ஆசைப்படுவது 1937 டென்வர் மூன்றுகால் எருமைக்கு. அச்சில் விழுந்திருந்த கீறலைப் போக்க ஒருவர் அளவுக்கு மீறித் தேய்த்ததில் எருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்துவிட்டது. நானும் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். விற்றவர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கால் இருந்த இடத்தில் அரத்தின் மெல்லிய கோடுகள். யாரோ நாலு காலில் ஒன்றை ராவி எடுத்திருக்கிறார்கள். அசலில் கால் போனாலும் குளம்பு தரையில் அப்படியே நிற்கும். வயிற்றின் அடியிலிருந்து தரை நோக்கிப் பொட்டுப் பொட்டாகப் புடைப்புகள் இறங்கும். ராவியவர் குளம்பை விட்டுவைக்கலாம், பொட்டுகளை எங்கிருந்து கொண்டுவருவார்?

பார்க்கத் தெரிந்தவர்களே தவறு செய்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. எருமைக்கு முன்னால், 1883 முதல் வந்த லிபர்ட்டி வகையில் 1913ஆம் ஆண்டிட்டது உலகில் ஐந்துதான். அவற்றில் ஒன்றை வைத்திருந்தவர் 1962இல் கார் விபத்தில் இறந்தார். ஆண்டைத் திருத்திய நாணயம் என்று நிபுணர்கள் சொல்லிவிட்டதால் குடும்பத்தார் அதை அலமாரியில் போட்டுவிட்டார்கள். 2003இல் பால்டிமோரில் மற்ற நான்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அசல் என்று தெரிந்தது. 2013இல் 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

நிற்க. கோபம் தணிந்த பிறகு பேரனிடம் ஒரு சுருளும் லென்ஸும் கொடுத்து உட்கார வைத்தேன். முதல் சுருளில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஏதோ ஒன்று காந்தத்தில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பார்த்தால் பீவர் என்ற நீர்விலங்கைப் பொறித்த கனடா நாணயம், 1964. அமெரிக்கச் சில்லறையோடு எப்படியோ கலந்து வந்திருக்கிறது. "இது ஒன்றுதான் தாத்தா அசல்" என்று சொல்லி அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டான். எவ்வளவோ விளக்கினேன், கேட்கவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்கிறான். ஆகவே காந்தத்தைப் பற்றிய அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். நான் சொல்லி நம்பாதவன், நீங்கள் அச்சிட்டால் நம்புவான்.

இப்படிக்கு,
பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவர்