அடிலெய்டில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆட்டுக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றபடி நம் ஹே ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் ஒரே பேச்சு, தண்ணீர்தான்.

நெல் இப்போது சூல்கட்டும் பருவம். ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போனால் பதராகிவிடும் என்று உனக்கே தெரியும். பாத்தியில் 25 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் உள்ளே இருக்கும் இளங்கதிர் தப்பிக்கும். டார்ச்சோடு போய் அளவுகோலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். நீ சொன்னபடி டிசம்பர் வரை விட்டு விட்டுத்தான் பாய்ச்சினேன். அதில் மிச்சமானதுதான் இப்போது நிற்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்டால் மகள் சொன்ன யோசனை என்றுதான் சொல்கிறேன். கடைசிப் பாத்தியில் குருகு கூடு கட்டியிருக்கிறது. இருட்டியதும் காளை உறுமுவது போல அதன் குரல். அறுப்பு முடிந்ததும் நெல்தாளில் ஆடுகளை விடுவேன், அப்புறம் அந்த ஈரத்திலேயே கோதுமை.

தரகர் ஒருவர் பேசினார். நம் தண்ணீர் உரிமத்துக்கு நல்ல விலை வருமாம். யார் விசாரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சட்டம் நிலத்தையும் தண்ணீரையும் பிரித்துவிட்டது, தனித்தனியாக விற்கலாம்தான். ஆனால் உரிமத்தை மட்டும் விற்காதேம்மா. 2008 வறட்சியில் நாடு முழுக்க விளைந்த நெல் 20,000 டன்னைத் தாண்டவில்லை. நல்ல வருடத்தில் பத்து லட்சம் டன் காணும். அப்போதுகூடத் தாத்தா அந்த வருடத்துக்குக் கிடைத்த தண்ணீரைத்தான் விற்றார், உரிமத்தில் கை வைக்கவில்லை. தண்ணீர் போனால் மிஞ்சுவது சால்ட்புஷ் என்ற உவர்நிலப் புதரும் ஆடும்தான். மழை பொய்க்கும் வருடம் அந்த ஆட்டுக்கும் தீனி இந்தத் தாள்தான். உரிமத்தை விற்காதே.

நீ படித்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்க அனுப்பியது திரும்பி வருவாய் என்றுதான். அங்கே நீ குடிக்கும் தண்ணீரிலும் நம் மரம்பிட்ஜி ஆறு கலந்துதான் வருகிறது.

உரிமத்தில் உன் பேரும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது, நானும் போடாமல் நடக்காது. ஏப்ரலில் அறுவடை இயந்திரம் வந்துவிடும். அதற்குள் ஒரு வாரம் லீவு போட்டு வா. முடியாதென்றால் அதையாவது போனில் சொல்.

அப்பா