'படித்தவர்களே ஏமாறலாமா?' என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஆட்களை வளைத்துப்போடும் சாமியார் மடங்களையும் முகாம்களையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் கடைசிப் பத்தியில், 'இன்ஜினியரிங் படித்தவர்களே இப்படி ஏமாறலாமா?' என்றொரு கேள்வி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் இரண்டரை வருடம் அன்றாடம் கேட்கப்பட்ட கேள்வி அது. கேட்டுக் கேட்டுக் காரியம் கெட்டதுதான் மிச்சம்.

என் அக்கா மகனின் கதைக்கு முன்னால் ஜப்பான் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் அப்படி ஒரு முகாமில் போய்ச் சேர்ந்த பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக்குழு. அந்த 'ஓம்' நம் ஓம்தான். அவர்கள் கும்பிட்டது சிவனை. சீடர்களுக்கு வைத்தவை சமஸ்கிருதப் பெயர்கள். பார்வை குறைந்த ஷோகோ அசஹாரா என்பவர் 1984-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சின்ன யோகா வகுப்பாக ஆரம்பித்தது. 1995 மார்ச் 20-ஆம் தேதி, ஆபீஸ் போகிற நேரத்தில், அவருடைய சீடர்கள் ஐந்து பேர் டோக்கியோ சுரங்க ரயில்களில் ஏறினார்கள். சரின் விஷம் நிரம்பிய பிளாஸ்டிக் பைகளைக் காலடியில் போட்டு, கூர்தீட்டிய குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இருபத்தைந்து வருடம் படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணி 2020-இல் இறந்து பதினான்காமவர் ஆனார்.

குடையால் குத்தியவர்களில் ஒருவர் இகுவோ ஹயாஷி. இதய அறுவை மருத்துவர். இன்னும் இருவர் டோக்கியோ, வசேதா பல்கலைக்கழகங்களில் இயற்பியல் படித்தவர்கள். இவர்களிடம் போய் 'படித்தவர்களே' என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த மனிதனும் கல்ட் ஒன்றில் சேரப்போகிறேன் என்று கிளம்புவதில்லை. (ஆட்களை ஒரு குருவுக்கு முழுக்க அடிமையாக்கும் குழுவைத்தான் கல்ட் என்கிறார்கள். நம்மிடம் இதற்கு நல்ல சொல்லே இல்லை. 'போலிச் சாமியார்' என்கிறோம். அது ஆளைத்தான் காட்டுகிறது; அவர் விரிக்கும் வலையைக் காட்டுவதில்லை.) யோகாவுக்குப் போகிறான், முதுகுவலி குறைகிறது. அப்புறம் தீட்சை, அதற்குக் கட்டணம். அசஹாரா குளித்த தண்ணீரையே விற்றார்கள். குருவின் மூளை அலைகளைச் சீடனுக்கு அனுப்புவதாகச் சொல்லி, ஒயர்கள் தொங்கும் தலைக்கவசத்தை லட்சக்கணக்கான யென்னுக்குக் கொடுத்தார்கள். அதற்குமேல் துறவு. சொத்தை எழுதி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே அரைகுறைத் தூக்கம், வேகவைத்த காய்கறி, சின்ன அறையில் ஓயாமல் ஓடும் குருவின் பேச்சு. சந்தேகம் வந்தால் அது உன் கர்மவினை. வெளியேற நினைத்தவர்களின் நினைவை அழிக்க மயக்கமருந்தும் மின்அதிர்ச்சியும் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே டாக்டர் ஹயாஷிதான்.

கொலைக்கும் அங்கே வேறு பெயர், 'போவா'. ஆன்மாவை மேலான உலகுக்கு ஏற்றிவிடுவது என்று அர்த்தம் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காக வாதாடிய வக்கீல் சகமோட்டோவையும் அவர் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் 1989 நவம்பரில் வீடு புகுந்து கொன்றார்கள். உடல்கள் கிடைக்க 1995 ஆயிற்று. 'கொல்' என்று சொல்லியிருந்தால், ரயிலில் பையைக் குத்திய அந்த டாக்டரின் கை நடுங்கியிருக்குமோ என்னவோ. சொல்லை மாற்றிவிட்டால் கை நடுங்குவதில்லை போலும்.

இனி எங்கள் பையன். நாங்கள் மாட்டியது இந்த அளவுக்குக் கொடிய இடத்தில் அல்ல. ஆனால் ஏணியின் கீழ்ப்படிகள் எல்லாம் அச்சு அசலாக அதேதான்.

இரண்டாம் வருடம் நான்கு பேப்பர் அரியர். ஹாஸ்டலில் யாரோடும் பேசாமல் கிடந்தவனை ஒரு சீனியர் மூன்று நாள் ஆளுமை முகாமுக்குக் கூட்டிப்போனான். இலவசம், சாப்பாடு உட்பட. வாசலிலேயே போனை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். வீட்டில் அப்போது அவன் பெயரை யாராவது கூப்பிட்டால் அடுத்த வார்த்தை அரியர்தான். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மனதில் உள்ள அழுக்கையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அழுதுகொண்டே எழுதினான். பாரம் இறங்கியது போலிருந்தது என்பான். அப்புறம் அங்கேயே தங்கிவிட்டான். ஒரு வருடம் கழித்து, என் தங்கச்சி மகள் காதுகுத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டபோது, அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் எடுத்து வாசித்தார்கள். அதற்கப்புறம் அவன் லீவே கேட்கவில்லை.

நான் பார்க்கப் போனேன். தனியாகப் பேச விடவில்லை. 'அண்ணா' ஒருவர் பக்கத்திலேயே சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "என்னடா, இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றேன். "ஒடம்பைப் பாக்குறது உங்க பார்வையோட குறை மாமா" என்றான். அவன் குரல்தான், பேச்சு அவனுடையது இல்லை. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இன்ஜினியரிங் படித்தவனா நீ, மூளை இருக்கா என்று கத்தினேன். 'உன் வீட்டு ஆட்கள் வந்து இப்படித்தான் கத்துவார்கள்' என்று அவனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். அவர்கள் வாக்கு பலித்தது. பலிக்க வைத்தவன் நான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். "பையன் மேஜர் சார், தானாத்தானே போயிருக்கான்" என்றார்கள். சட்டப்படி சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் 'தானாக' என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பார்த்தது ஜப்பான். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா? சுட்டவனின் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதச் சபைக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பத்தையே திவாலாக்கியவர். கொலைக்கு அது நியாயமாகாது. ஆனாலும் அதுவரை காதில் போட்டுக்கொள்ளாத அரசு அதன் பிறகு விழித்தது. பயமுறுத்தி, குழப்பிப் பெறும் நன்கொடையை ரத்து செய்ய வழிசெய்யும் சட்டம் அந்த டிசம்பரிலேயே நிறைவேறியது. குறிப்பிட்ட அளவுக்குக் குடும்பத்தாரும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2025 மார்ச்சில் டோக்கியோ நீதிமன்றம் அந்தச் சபையைக் கலைக்கவே உத்தரவிட்டது. உங்கள் கட்டுரை இதைப் பேசியிருக்கலாம். இருந்த இரண்டு பக்கத்தையும் சாமியாரின் கார்களுக்கே கொடுத்துவிட்டீர்கள்.

எங்கள் பையன் எப்படித் திரும்பினான் என்று கேட்பீர்கள். என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் பேச அனுமதி உண்டு. நானும் அக்காவும் பேசினால் சண்டைதான். என் அம்மா மட்டும், அவனுக்கு அம்மாச்சி, அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆடு குட்டி போட்டது, பக்கத்து வீட்டில் போர் போட்டார்கள், இன்றைக்கு என்ன குழம்பு, அவ்வளவுதான். அவன் 'ம், ம்' என்பான். எனக்கு எரிச்சலாக வரும். கிழவி பத்து நிமிடத்தையும் வீணடிக்கிறாளே என்று நினைப்பேன்.

ஒரு ஞாயிறு, ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் திடீரென்று, "கருவாட்டுக் கொழம்புக்கு மாங்கா போட்டியா அம்மாச்சி?" என்றான். இரண்டு வருடத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. அம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி, "மாங்கா எங்கடா இப்ப, கத்திரிக்காதான்" என்றார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மஞ்சப்பையோடு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. முதல் ஒரு மாதம், தண்ணீர் குடிக்கக்கூட அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் செம்பை எடுத்தான்.

பையனின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருமங்கலம்