முதல் உலகப் போரைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று நூலாசிரியர்களுக்கும் பாடநூல் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

பள்ளியில் நான் படித்த முதல் உலகப் போரில் கிழக்குப் போர்முனைக்கு மூன்று வரிதான். ஆஸ்திரியப் படையை ரஷ்யப் படை கலீசியாவில் (அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரியின் வடகிழக்கு மாகாணம்) தோற்கடித்தது என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பல வருடங்கள் கழித்து ப்ஷெமிஷ்ல் முற்றுகையைப் பற்றிப் படித்தேன். அந்த மூன்று வரியில் விடுபட்டவர்களை நினைத்து இன்றும் மனம் ஆறவில்லை.

ப்ஷெமிஷ்ல் இன்று போலந்தில், சான் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1914-இல் அது ஆஸ்திரியா-ஹங்கேரியின் கோட்டை நகரம். செப்டம்பரில் தொடங்கிய முதல் முற்றுகையைக் கோட்டை எப்படியோ தாங்கியது. நவம்பரில் ரஷ்யர்கள் மறுபடி வளைத்தார்கள். மீட்க வந்த படைகள் கார்பாத்திய மலைப் பனியில் விறைத்துச் செத்தன. உள்ளே தீவனமும் இல்லை, சோறும் இல்லை. வண்டி இழுத்த குதிரைகளை ஆயிரக்கணக்கில் வெட்டித் தின்றார்கள். 1915 மார்ச் 22 அன்று கோட்டை அரண்களைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத் தளபதி குஸ்மனெக் சரணடைந்தார். 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஜூனில் கோட்டை மறுபடி கைமாறியது.

சரி, 'ஆஸ்திரியப் படை' என்கிறோமே, அதில் இருந்தவர்கள் யார்? ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்துக்காரர், உக்ரேனியர், ருமேனியர், குரோவாசியர். பேரரசின் பொதுப் படையில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தவை சுமார் 80 ஜெர்மன் கட்டளைச் சொற்கள்தான். நில், நட, சுடு என்கிற மாதிரி. மற்ற பேச்செல்லாம் அந்தந்த ரெஜிமென்ட்டின் மொழியில். அதை அதிகாரிதான் கற்றுக்கொள்ள வேண்டும். எதிரே ரஷ்யப் படையிலும் போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள். இந்தப் பக்கத்துப் பதுங்குகுழியில் அடிபட்டுக் கிடந்தவன் அம்மா என்று அலறியது அந்தப் பக்கத்தில் இருந்தவனுக்கும் புரிந்திருக்கும்.

இன்னொன்று. 1914 செப்டம்பர் 15. ரஷ்யாவுக்கு ஆதரவானவர்கள் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ருத்தேனியக் (கலீசியாவின் உக்ரேனியரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) கிராமத்தினரை ப்ஷெமிஷ்ல் தெருவழியே கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில் ஹங்கேரியச் சிப்பாய்கள் அவர்கள்மேல் பாய்ந்து வெட்டினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் அந்தத் தெருவிலேயே இறந்தார்கள். அதில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பாதிரியாரின் மகளும் உண்டு. வெட்டியவர்களுக்கும் வெட்டுப்பட்டவர்களுக்கும் பேரரசர் ஒருவரே. இது ரஷ்ய–ஆஸ்திரியப் போர்க் கணக்கில் எந்தப் பக்கம் சேரும்?

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த பதிப்பில் கலீசியா வரைபடத்தில் அம்புக்குறி போடும்போது, இரண்டு படைகளிலும் எந்தெந்த மொழிக்காரர்கள் இருந்தார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த 80 சொற்களைப் பற்றி ஒரு வாக்கியம் சேருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். அப்புறம், செப்டம்பர் 15-க்கு ஒரு வரி. இடம் போதவில்லை என்றால் பீரங்கிகளின் எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்